கழுவாத சட்டி

மழை விட்டு வெயில் ஒருமுறை முகம் காட்டியதும் காளான் எடுக்கப் போய்விடவேண்டும், ஐயா. ஒருநாள் பிந்தினால் புழு முந்திவிடும். இன்னொரு நாள் பிந்தினால் நாற்றம்தான் மிச்சம். மன்னார்த் தீவுக்குள் பிறந்தவர்களுக்கு இது தெரியாது. அவர்களுக்கு மீனைத் தெரியும், நண்டைத் தெரியும், காற்று எப்போது திரும்பும் என்று தெரியும். காளான் அவர்களுக்குக் குடை மாதிரி ஏதோ ஒன்று, அவ்வளவுதான். நான் பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆள், காட்டோரம் பிறந்தவள். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து மழைக்குப் பிறகு புற்றுப் புற்றாய்த் திரிந்தவள்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. போன கார்த்திகையில் என் மனிசன் பெனடிக்ற்றும் பின்வளவில் இருந்த பாலசிங்கம் அண்ணையும் காளான் தின்று செத்துப்போனார்கள். செலீனா என்கிற பெண் அறியாமல் நச்சுக் காளானையும் சேர்த்துப் பறித்துவிட்டாள் என்று எழுதி இதே பொலிஸ் நிலையத்தில் விசாரணையை முடித்தார்கள். எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கையெழுத்தும் வைத்தேன். அன்றைக்கு அது பெரிதாகப் படவில்லை. இப்போது அதைத் திருத்தவேண்டி வந்திருக்கிறது. அதற்காகத்தான் இன்றைக்கு வேலைக்குப் போகாமல் பஸ் ஏறி வந்தேன்.

வீட்டிலிருந்து தொடங்கினால்தான் விளங்கும். சண்டை துரத்தித் துரத்தி எங்களைத் தீவுக்குள் தள்ளியபோது என் மகள் ஜெனுஷா கைக்குழந்தை. தாழ்வுபாட்டுக்குப் போகிற பாதையில் ஒரு வீடு வெறுமனே கிடந்தது. வீடு என்று சொல்லக்கூடாது, நாலு சுவர். கூரை இல்லை, கதவு இல்லை, அறைக்குள் எருக்கலை ஆளுயரத்துக்கு நின்றது, குசினிக்குள் ஒரு கழுதை குட்டி போட்டிருந்தது. சொந்தக்காரர் தொண்ணூறாம் ஆண்டு வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போனவர்கள், இருக்கிறார்களோ செத்தார்களோ தெரியாது என்றார்கள். கழுதையைத் துரத்திவிட்டு நாங்கள் குடிபுகுந்தோம்.

கிணறு தூர்ந்து கிடந்தது. பெனடிக்ற் உள்ளே இறங்கி வெட்டினார், நான் மேலே நின்று வாளி இழுத்தேன். கல் வந்தது, சேறு வந்தது, செத்த நாயின் எலும்பு வந்தது. கடைசியில் தண்ணீர் ஊறியது. அவர் உள்ளங்கையில் அள்ளி வாயில் விட்டுப் பார்த்துவிட்டு, மேலே நின்ற என்னை அண்ணாந்து பார்த்து, "உப்பில்லையடி" என்றார். தீவில் அப்படியொரு கிணறு கிடைப்பது லேசு இல்லை. அன்றிலிருந்து என் வலது தோள் சரியாக எழும்பாது. அந்தத் தோளோடுதான் இத்தனை வருஷமும் தாழ்வுபாட்டுக் கரையில் வலையிலிருந்து நண்டு கழற்றினேன், கருவாட்டுக்கு மீன் வெட்டினேன். கூரைக்கு ஓடு, அறைக்குக் கதவு, குசினிக்குச் சீமெந்துத் தரை, எல்லாம் அந்தத் தோள் போட்டவை. பெனடிக்ற் சங்கு குளித்தவர். ஒருநாள் அளவுக்கு மீறி ஆழம் போய் இடது கால் இழுத்துக்கொண்டது. அதன்பிறகு வீட்டிலிருந்து கிழிந்த வலை பொத்தினார்.

சண்டை முடிந்து சில வருஷம் கழித்து ஒரு பின்னேரம், படலையில் ஒரு ஆணும் பெண்ணும் வந்து நின்றார்கள். ஆள் நரைத்தவர், கையில் ஒரு பிளாஸ்ரிக் பை. குடிக்கத் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டு, "தண்ணி மாறேல்லை, நிறஞ்சலா" என்று மனிசியிடம் சொன்னார்.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. பைக்குள் இருந்தது காணி உறுதி. இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் இருந்த காலம் முழுக்க அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். மேசன் வேலைக்காரர். இந்தச் சுவர்களைத் தன் கையால் கட்டியவர். மனிசி குசினிச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றா. சுவர் அவர்கள் கட்டியதுதான், இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் வெறும் சுவரில் கழுதைதான் குடியிருந்தது. அதை வீடாக்கியது நான்.

அவர்தான் பாலசிங்கம் அண்ணை. அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல வரவில்லை. நல்ல மனிதர். உறுதியைத் தூக்கிக்கொண்டு எந்த அரசாங்கக் கந்தோருக்கும் ஓடவில்லை. "பின்வளவில ஒரு கொட்டில் போட்டு இருக்கலாமோ, தங்கச்சி" என்று என்னிடம் வந்து கேட்டார். நான் இடம் கொடுத்தேன். அவர்கள் என் அனுமதியோடுதான் அங்கே இருந்தார்கள். அதைக் குறித்துக்கொண்டால் நல்லது.

கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்கு வசதி. சண்டை பிடித்திருப்போம், வழக்குப் போட்டிருப்பார், வழக்கு இழுபட்டிருக்கும், இழுபடும் வரைக்கும் நான் உள்ளே இருந்திருப்பேன். இவரோ விடிந்ததும் தன் வாசலைக் கூட்டுகிற கையோடு என் முற்றத்தையும் கூட்டினார். ஓடு விலகினால் கேளாமலே ஏறிச் சரிசெய்தார். பெனடிக்ற்றுக்குப் பூவரசங் கொம்பில் ஊன்றுகோல் செய்து கொடுத்தார். பின்னேரங்களில் இரண்டு பேரும் சோடா மூடிகளைக் காய்களாகப் பலகையில் அடுக்கி வைத்துக்கொண்டு டாம் விளையாடுவார்கள். பெனடிக்ற் தோற்றுக்கொண்டே இருப்பார். தோற்றால், காய் கள்ளக்காய் என்பார்.

இப்படிப் பழகினால் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியும். ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் பெனடிக்ற் சொன்னார்: "நத்தார்ப் பெருநாளுக்குப் பிறகு நாங்கள் வீட்டை விட்டிட்டுப் போவம். அண்ணையிட்டையும் சொல்லிப்போட்டன்."

எங்கே போவது என்று கேட்டேன். தன் தம்பியின் காணியில் ஒரு மூலை இருக்கிறதாம், அரசாங்க வீட்டுத்திட்டத்துக்கு எழுதிக் கொடுக்கலாமாம். ஜெனுஷாவுக்கு இந்த வீடுதான் சீதனம் என்று அவளுக்குப் பேசிய பெடியன் கொலின்ஸின் வீட்டாரிடம் வாய் விட்டிருக்கிறோமே என்று நினைப்பூட்டினேன். கலியாணத்தை இந்த முற்றத்திலேயே பந்தல் போட்டு நடத்தச் சொல்லி அண்ணை சொன்னாராம். நடத்தலாம், வீட்டை எழுதிக் கொடுக்கத்தான் ஏலாது.

"மற்றவன்ர வீட்டில எத்தினை வருஷம்தான், செலீனா, உள்ளுக்குப் பூட்டிப்போட்டுப் படுக்கிறது" என்றார்.

நான் சண்டை பிடிக்கவில்லை. அவருக்கு இன்னும் கொஞ்சம் சொதி விட்டேன்.

இனி எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். காளானைப் பறித்த வீடுதான் முதலில் தின்னவேண்டும். மத்தியானம் சமைத்துத் தின்றுவிட்டு, மிச்சமான பச்சைக் காளானைச் சமைத்த அதே சட்டியில் போட்டு, சட்டியைக் கழுவாமல், பொழுதுபடுகிற நேரம் அயல் வீட்டுக்குக் கொண்டுபோகவேண்டும். கொண்டுபோவது தின்ற ஆளாக இருக்கவேண்டும். சட்டியில் காய்ந்திருக்கிற குழம்பைப் பார்த்து, வந்து நிற்கிற ஆளையும் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார்கள். மற்றச் சோதனைகள் ஒன்றும் சரிவராது. தீவில் சிலர் வெள்ளிச் சங்கிலியைப் போட்டு அவித்துக் கறுக்கிறதோ என்று பார்ப்பார்கள். உள்ளிப் பல்லைப் போட்டுப் பார்ப்பார்கள். கழுதைக்கு முன்னால் போட்டுப் பார்க்கிறவர்களும் உண்டு. மன்னார்க் கழுதை தேர்தல் நோட்டீசையும் தின்னும்.

எங்கள் ஒழுங்கை வீடுகளுக்கு இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தது நான். மழைக்கு மழை என் சட்டி ஒவ்வொரு வீடாய்ப் போகும். ஒருவருக்கும் வயிற்றைக் கடுத்தது கிடையாது. என் சட்டியைக் கண்டால் வெள்ளிச் சங்கிலியைக் கழற்றமாட்டார்கள். அந்த நம்பிக்கையை நான் சும்மா பெறவில்லை.

பழக்கத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. அது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். எங்கள் ஊர்க் கோயிலுக்குப் பின்னால் இருந்த ஒரு குடும்பம் வெள்ளைக் காளான் ஒன்றைத் தின்றது. அதற்கு ஊரில் பெயர் கிடையாது. பெயர் வைத்தால் பிள்ளைகள் தேடிப் போகும் என்று வைக்காமல் விட்டார்கள். மத்தியானம் தின்றார்கள், பொழுதுபட முற்றத்தில் இருந்து சிரித்துக் கதைத்தார்கள். விடியப்புறம்தான் சத்தி எடுத்தார்கள். ஒருநாள் முழுக்க வயிற்றால் போனது. அதன்பிறகு எல்லாம் நின்றுவிட்டது. எழும்பி நடந்தார்கள், கஞ்சி குடித்தார்கள், நன்றிப் பூசைக்குச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். பூசை நடக்கவில்லை. அதற்குள் கண் மஞ்சளித்து ஒவ்வொருவராய்ப் போனார்கள். அந்த வீட்டுக்குத் தண்ணீர் அள்ளிக்கொண்டு போனவள் நான். எல்லாவற்றையும் பார்த்தேன்.

சட்டி பொழுதுபடப் போகிறது, நஞ்சு விடியப்புறம் வருகிறது. பெரியவர்கள் இதைக் கவனித்துப் பழக்கத்தை ஒருநாள் தள்ளி வைத்திருக்கலாம். அவர்கள் செய்யவில்லை. அது என்னுடைய குற்றமில்லை.

கார்த்திகை பிறந்து பெருமழை பெய்து விட்டது. பாலம் தாண்டித் திருக்கேதீஸ்வரத்துப் பக்கம் பற்றைக்குள் போனேன். என்னோடு நண்டு கழற்றுகிற தாராபுரத்துச் சரீபாவும் வந்தாள். அவள் விறகு பொறுக்கினாள். முதல் புற்றிலேயே நல்ல காளான், புற்று முழுக்க. சாம்பல் நிறத் தலை, உச்சியில் கூர், இழுத்தால் முழ நீளத்துக்கு வேர் வரும். ஒரு பை நிறைந்துவிட்டது. அதன்பிறகு தனியே உள்ளே போனேன். நான் தேடியது மூன்றாவது மழைக்குத்தான் வருமென்று நினைத்திருந்தேன். முதல் மழைக்கே வந்திருந்தது. வெள்ளை வெளேரென்று, கழுத்தில் வளையம், அடியில் முட்டைக்கோது மாதிரிக் கிண்ணம். அதை இன்னொரு பையில் போட்டேன். அடிக் கிண்ணங்களை அங்கேயே வெட்டிக் கிடங்கு கிண்டிப் புதைத்தேன். வெட்டிய பிறகு பார்த்தால் பறித்தவளைத் தவிர ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். பறித்த வீடு தின்னாமல் சட்டி போனால் அண்ணை வாங்கமாட்டார். பகிடியாக என்றாலும் சட்டியை எட்டிப் பார்க்காமல் விடமாட்டார். ஆகவே எங்கள் வீட்டில் ஒருவர் தின்னத்தான் வேண்டும். ஜெனுஷா வவுனியாவில் கடையொன்றில் வேலை, மாத முடிவில்தான் வருவாள். வீட்டில் இருப்பது இரண்டு பேர். நான் தின்றால் வீட்டை யார் பார்ப்பது? இவர் அதை நத்தாருக்குப் பிறகு கொடுத்துவிடுவார். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் ஒரே விடைதான் வந்தது.

தேங்காய்ப்பால் விட்டு, மிளகு தூக்கலாகப் போட்டுச் சமைத்தேன். அவருக்கு அப்படித்தான் பிடிக்கும். இறைச்சி தோற்றுப்போகும் என்று சொல்லிச் சாப்பிட்டார். நீ ஏன் தின்னவில்லை என்று கேட்டார். உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காக ஒருசந்தி நோன்பு என்றேன்.

"அப்ப என்ர பங்குக்கும் சேர்த்துப் பிடி" என்று சிரித்துவிட்டு இரண்டாம் முறை சோறு வாங்கினார். நான் தாராளமாகவே போட்டேன். குறையத் தின்றால் கிடந்து இழுபடுவார் என்று நினைத்தேன். அவர் இழுபடுவதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

பொழுதுபடச் சட்டியைத் தூக்கிக்கொண்டு, ஊன்றுகோலை மற்றக் கையில் பிடித்துக்கொண்டு அவரே பின்வளவுக்குப் போனார். நான் குசினி வாசலில் நின்றேன்.

"என்ன பெனடிக்ற், சட்டியைக் காட்ட வந்தீரோ, ஆளைக் காட்ட வந்தீரோ?" என்று அண்ணை கேட்டார்.

"ரெண்டையும் வடிவாப் பாருங்கோ அண்ணை. பேந்து கள்ளக்காய் எண்டு சொல்லக்கூடாது."

"சட்டி சரி. ஆள்தான் கொஞ்சம் பழசு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நிறஞ்சலா வந்து வாங்கினா. அங்கேதான் நான் யோசியாத ஒன்று நடந்தது. அந்தக் கிழமை அவவுக்குக் கந்தசஷ்டி விரதம். நாங்கள் வேதக்காரர், ஆத்துமாக்கள் மாதம் தெரியும், தவக்காலம் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் அந்த மனிசி மீன் மச்சம் தொடாது என்பதும் தெரியும், காளான் என்றால் அதற்கும் தோதென்று நினைத்தேன். ஐப்பசி கார்த்திகையில் ஆறு நாள் சேர்ந்தாற்போல் விரதம் வருமென்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவ அரைவாசியை எங்கள் சட்டியிலேயே சமைத்து மனிசனுக்குக் கொடுத்திருக்கிறா, விரதச் சட்டியில் பட்டுவிடக்கூடாதென்று. மிச்ச அரைவாசியை, விரதம் முடியத் தின்னலாமென்று அடுப்புக்கு மேலே கட்டிக் காயவிட்டிருக்கிறா. ஒரே வளவில் ஒரே நாளில் இரண்டு பெண்கள் பட்டினி. அவ உண்மையாகவே இருந்தா.

ஆம், அவவும் தின்பா என்றுதான் நினைத்திருந்தேன். அதையும் கேட்பீர்கள் என்று தெரியும்.

விடியப்புறம் பெனடிக்ற்றுக்குச் சத்தி தொடங்கியது. ஓட்டோவுக்குள் தூக்கி ஏற்றியது பாலசிங்கம் அண்ணைதான். என்ன நடந்தது என்று கேட்டார். பின்னேரம் எங்கேயோ கள்ளுக் குடித்துவிட்டு வந்தவர் என்றேன். டொக்டரும் கேட்டார், அதையே சொன்னேன். மத்தியானம் நிறஞ்சலா போன் எடுத்தா, "அக்கா, இவருக்கும் வயித்தாலை போகுது" என்று. மழைத்தண்ணீர் கிணற்றில் இறங்கியிருக்கும், கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்றேன். அந்தக் கிணற்றைப் பற்றி நான் சொன்ன ஒரே பொய் அதுதான். இப்போதும் நினைத்தால் மனதுக்குச் சரியில்லை.

அடுத்த நாள் இவர் தெளிந்தார். கட்டிலில் எழும்பி இருந்து பிளேன்ரீ கேட்டார். பக்கத்துக் கட்டில் பெடியனிடம் பகிடி விட்டார். அந்த நாள் வருமென்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. தலைமுடியை வாரிவிட்டேன், நகம் வெட்டிவிட்டேன். மழை இரைந்துகொண்டிருந்தது. அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கள்ளுக் குடிக்கேல்லையே. ஏன் அப்பிடிச் சொன்னனி?" என்று கேட்டார்.

வெட்கமாக இருந்தது, காளான் என்று சொன்னால் என் பெயர் கெடும் என்றேன்.

"அண்ணை எப்பிடி?"

கொஞ்சம் வயிற்றால் போகிறதாம் என்றேன்.

வெட்டிய நகத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு, "நீ தின்னேல்லை" என்றார். ஒருசந்தி என்றேன். "ஓம்" என்றார். அவர் முகத்தில் கோபம் வரவில்லை, ஐயா. தூரத்தில் ஒரு வள்ளம் யாருடையது என்று பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"செலீனா, அந்தாளை இண்டைக்கே இஞ்சை கூட்டிக்கொண்டு வா. டொக்டரிட்டை உள்ளதைச் சொல்லு. என்னை விடு. இது ஒண்டுதான் நான் உன்னைக் கேக்கிறன்."

"ஓம், போறன்" என்றேன்.

போனேன். ஆஸ்பத்திரிக்கு முன்னால் ஒரு தேத்தண்ணிக் கடை இருக்கிறது. ஒரு பால்தேத்தண்ணியும் ஒரு பணிசும் எடுத்தேன். மதில் ஓரம் கழுதைகள் மழைக்கு ஒதுங்கி நின்றன. ஒரு குட்டி தாயின் வயிற்றுக்குக் கீழே புகுந்து நனையாமல் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போய்வருகிற நேரம் ஆகிவிட்டதென்று கண்டதும் திரும்பி வந்தேன்.

"சொல்லிப்போட்டன். வாறாராம்" என்றேன்.

"நல்லது" என்று கண்ணை மூடினார். கொஞ்சம் கழித்து, மூடிய கண்ணோடு, "அண்ணை வந்தால் டாம் பலகையையும் கொண்டுவரச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

அவர் என்னோடு தெளிவாகக் கதைத்தது அதுதான் கடைசி. மறுநாள் கண் மஞ்சளித்தது, அதன்பிறகு ஆள் ஆளில்லை. நான் சொன்ன பொய்யால் அவருக்கு ஒரு கெடுதியும் இல்லை. நிம்மதியாகப் போனார். ஒரு மனிசிக்குச் செய்ய ஏலுமானதை நான் அவருக்குச் செய்தேன்.

பின்வளவிலும் அதேபோல்தான். அண்ணை தெளிந்து எழும்பி, வழக்கம்போல இரண்டு முற்றத்தையும் கூட்டியிருக்கிறார். கூட்டிய குப்பை குவியலாகக் கிடந்ததை நானே பார்த்தேன். மஞ்சள் கண்டபிறகுதான் நிறஞ்சலாவுக்குப் பொறி தட்டியது. காயப்போட்டதை அவிழ்த்துச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, விரத வயிற்றோடு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தா. டொக்டர் அதைப் பார்த்துவிட்டுக் கொழும்புக்கு அனுப்பினார். அங்கிருந்து சொல்லி வரும்போது பெனடிக்ற்றைச் சேமக்காலையில் புதைத்தாயிற்று. அண்ணையைக் கொண்டுபோய் எரித்த அன்றைக்கு, இடையில் வந்த மழையில் விறகு பிடிக்கவில்லை என்று சொன்னார்கள். நான் போகவில்லை. எனக்கு மனிசன் செத்த துடக்கு.

பிறகு எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பாவம் செலீனா, தெரியாமல் கலந்துவிட்டாள், தன் மனிசனையும் அல்லவா பறிகொடுத்தாள் என்றார்கள். கட்டின புருஷனுக்கு யாராவது தெரிந்து கொடுப்பார்களா என்று ஊரே எனக்காகக் கேட்டது. நான் ஒன்றும் பேசவேண்டி வரவில்லை. நிறஞ்சலாகூட வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு பேரும் ஒரே சட்டியால அழிஞ்சு போனம் அக்கா" என்று அழுதா. வீட்டைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. உறுதி எங்கே இருக்கிறதென்றுகூடத் தெரியாது போல இருந்தா. நத்தாரும் வந்து போனது. நான் அந்த வீட்டில்தான் இருந்தேன்.

கணக்குப் பிழைத்தது எங்கே என்றால் என் மகளிடம். நத்தாருக்கு முன்னமே, முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்து உடுப்பு மாற்றாமலே என் முன்னால் இருந்தாள்.

"அம்மா, உங்கட பிழையால அந்த மனிசி தனிச்சுப்போச்சு. அதுக்கு நாங்கள் என்ன குடுத்தாலும் காணாது. வீட்டையெண்டாலும் குடுப்பம். அப்பாவும் அதைத்தானே சொன்னவர்."

உன் சீதனம் என்றேன். கொலின்ஸ் தனக்கு வீடு வேண்டாமென்று சொல்லிவிட்டானாம், உடுத்த உடுப்போடு வரச் சொன்னானாம். இப்போது அப்படித்தான் சொல்வான். பெடியன்கள் கலியாணத்துக்கு முன்னால் சோறுகூட வேண்டாமென்பார்கள். நான் மறுத்தேன். அவள் கோயில் பாதரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவரும் கதிரையில் இருந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அமைதியாகத்தான் சொன்னார். மனமறியாமல் செய்த பிழையென்றாலும் பிழைக்கு ஈடு செய்யவேண்டும், செலீனா, அது கடவுளின் கணக்கு என்றார். ஒழுங்கைச் சனமும் அதையே சொல்கிறது. என்னோடு நண்டு கழற்றுகிறவர்களும் அதையே சொல்கிறார்கள். என் மகள் இப்போது பின்வளவுக் கொட்டிலில் படுக்கிறாள், அந்த மனிசிக்குத் துணைக்கு. என் குசினியில் சாப்பிடுவதில்லை. ஏன் என்று கேட்டால், "பயமாக் கிடக்கு அம்மா, நீங்கள் திரும்பவும் எதையாவது மாறிப்போடுவியள்" என்கிறாள்.

மாறிப்போடுவேனாம்.

நான் இரவு பகலாக இதை யோசித்தேன். பாதர் சொன்னது சரிதான். பிழை விட்டவள் ஈடு செய்யத்தான் வேண்டும். தெரியாத்தனமாக ஒருவருடைய மாட்டை மோதினாலும் காசு கொடுக்கிறோம் அல்லவா? அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் எல்லோரும் எதை வைத்து வீட்டைக் கேட்கிறார்கள்? நீங்கள் எழுதியதை வைத்துத்தான் கேட்கிறார்கள். செலீனா அறியாமல் கலந்துவிட்டாள், ஆகவே செலீனா வீட்டைக் கொடுக்கவேண்டும். அடியில் இருக்கிற அந்த ஒரு வரி பிழையென்றால் மேலே கட்டியதெல்லாம் விழவேண்டும்தானே? மேசன் வேலை தெரிந்தவர் யாரையும் கேளுங்கள்.

அந்த வரி பிழை. நான் கலக்கவில்லை. இரண்டு பை கொண்டுவந்தேன். நல்ல காளான் பையைப் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது சரீபாவிடம் கொடுத்தேன். அவளுடைய வீட்டில் பிள்ளைகளும் பெரியவர்களுமாக அன்றைக்கு எல்லோரும் தின்றார்கள். ஒருவருக்கும் வயிறு நிறைந்த ஏவறை தவிர ஒன்றும் வரவில்லை. அவளைக் கூப்பிட்டு விசாரியுங்கள், தாராபுரத்தில்தான் இருக்கிறாள். என் வீட்டுச் சட்டியில் போனது மற்றப் பை. அதில் நல்ல காளான் ஒன்றுகூட இருக்கவில்லை. நிறஞ்சலா காயப்போட்டதைத் திரும்பவும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அத்தனையும் ஒரே இனமாக இருக்கும். தெரியாமல் எடுக்கிறவள் அப்படி எடுக்கமாட்டாள். தெரிந்தவள்தான் அவ்வளவு சுத்தமாகத் தெரிந்தெடுப்பாள்.

ஆகவே இப்படி எழுதுங்கள். இன்ன காளான் கொல்லும் என்று தெரிந்து, அதைத் தேடிப் போய்ப் பறித்து, பெனடிக்ற்றுக்குச் சமைத்துக் கொடுத்தேன். அவர் கையாலேயே பாலசிங்கத்துக்கும் நிறஞ்சலாவுக்கும் கொடுத்தனுப்பினேன். தடுக்க நேரம் இருந்தது, தடுக்கவில்லை. நான் பிழை விடவில்லை. பிழை இல்லாத இடத்தில் ஈடும் இல்லை, வீட்டைக் கேட்டு இனி ஒருவரும் என் படலைக்கு வரக்கூடாது. இதை என் மகளுக்கும் பாதருக்கும் விளங்கக்கூடிய மாதிரி, தெளிவான தமிழில் ஒரு பிரதி தந்தீர்களென்றால் உதவியாக இருக்கும்.

எழுதி முடிந்ததென்றால் சொல்லுங்கள், ஐயா. தாழ்வுபாட்டு பஸ் வெளிக்கிடுவதற்குள் நான் போய் ஏறவேண்டும். கிணற்றுக்கு மூடி போடாமல் வந்துவிட்டேன்.